ஐந்துக்கு எத்தனை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளை நூலகத்தின் மாடியில் மாதக் கடைசி ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அந்த மாதம் படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஒரு நோட்டில் அதன் பெயரையும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதிவைப்போம். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடுத்த புத்தகத்தை எடுப்பார்கள்.

போன மாதம் ஒரு நண்பர் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு இரண்டு போட்டுவிட்டார். எனக்கு உயிரான நாவல் அது. அவர் பாதிகூடப் படிக்கவில்லை. கேட்டால், "எனக்குப் பட்டதைத்தானே நான் போட முடியும்" என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை யாருமே கேட்கவில்லை. மதிப்பெண் போடுவதை நிறுத்திவிடலாமா? ஒரு புத்தகத்தை எப்படித்தான் பரிந்துரைப்பது? நீங்கள் அண்மையில் படித்து முடித்தது எது? அதற்கு ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிப் பத்துப் பேர் நூலகத்தின் மாடியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கூட்டம் ஒரு எண்ணை முன்னிட்டு உடைந்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் இரண்டு போட்டது தப்பே இல்லை. எங்கே நிறுத்தினார் என்பதை அவர் சொல்லாததுதான் குறை. அந்த நாவல் இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் மெடான் நகரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர், ஜப்பான் படை உள்ளே வரும் நேரம். டச்சுத் தெருப்பெயர்கள், மலாய்ச் சொற்கள், அங்கே கடை வைத்திருந்த நம்மூர் ஆட்களின் பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். சிங்காரம் எதையும் நின்று விளக்க மாட்டார். அங்கேயே மூச்சு முட்டிப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். உங்கள் நண்பரும் அநேகமாக அங்கேதான் நின்றிருப்பார்.

"மெடான் தெருக்களிலேயே சிக்கிக்கொண்டேன், வெளியே வர முடியவில்லை" என்று அவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "பெயர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். கதாநாயகன் பாண்டியன் பினாங்குக்குத் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் ஏறியதும் கடலில் புயல் பிடிக்கும், அதுவரைக்குமாவது வாருங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். பக்கத்தில் இருந்தவர் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றிருப்பார். நின்ற இடத்தைச் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல ஆள் உண்டு. இரண்டு என்ற எண்ணுக்கு என்ன பதில் சொல்வது? நான் ஐந்து போடுகிறேன் என்று சொல்லலாம், சண்டை போடலாம், அவ்வளவுதான்.

அந்த எண்ணும் எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. வாசகர்கள் புத்தகங்களுக்கு ஐந்து நட்சத்திரம்வரை போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு 'பரவாயில்லை' என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்பதற்கு ஒன்றுதான். நம்முடைய பள்ளிக்கூடக் கணக்கில் ஐந்துக்கு இரண்டு என்றால் நாற்பது சதவீதம், தட்டுத்தடுமாறிப் பாஸ். உங்கள் நோட்டில் எழுதிய பத்துப் பேரும் தங்கள் மனதில் வேறுவேறு அளவுகோல் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள்.

சராசரி எடுக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் ஒரு புத்தகத்துக்கு நாலு நாலு போட்டிருக்கிறார்கள், பதினோராவது ஆள் ஒன்று போடுகிறார். சராசரி 3.7 ஆகிவிடும். ஆயிரம் பேர் மதிப்பிட்ட ஆங்கில நாவலில் அந்த ஒன்று எங்கே போனது என்றே தெரியாது. பத்துப் பேர் மட்டும் படித்த தமிழ்க் கவிதைத் தொகுப்பில் அது தலையில் விழுந்த இடி. மறுபக்கம், நண்பரின் முதல் புத்தகம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுகிறார்கள். புதிதாக எழுத வருகிறவருக்கு இதைப் போலக் கெடுதல் வேறில்லை. எந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது, எது இழுவை என்று நாலு பேர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவருடைய இரண்டாவது புத்தகம் உருப்படும்.

சிங்காரத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதில் கடல் கடந்து பிழைக்கப் போய், போர் முடிந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். மொத்தம் எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 1997இல் இறந்தார். இன்றைக்குத் தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அதைப் பேசுகிறோம் என்றால், படித்த ஒருவர் இன்னொருவரைப் பிடித்து உட்காரவைத்து "இதைப் படிக்காமல் இருக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் அது இங்கே வந்து சேர்ந்தது. எடுத்துச் சொன்னவர்கள் ஆளைப் பார்த்துச் சொன்னார்கள். போர்க் கதை பிடிக்கிறவரிடம் போரைச் சொன்னார்கள், மொழியில் ருசி உள்ளவரிடம் அதில் வரும் பகடியைச் சொன்னார்கள்.

தமிழில் இந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவர் எழுத்தாளரும் விமர்சகருமான க.நா.சு. என்கிற க.நா. சுப்ரமண்யம். 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு ஒரு புத்தகமே போட்டார். அவர் பட்டியல் போட்டதும் உண்டு, அதனால் பகை வளர்ந்ததும் உண்டு. ஆனால் பட்டியலோடு நிற்கவில்லை. உலக நாவல்களில் தனக்குப் பிடித்தவற்றை உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்தார். ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்க ஒரு மனிதர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். எண் வேண்டும் என்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்துக்கு மறுபடி போட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். படித்து முடித்த அன்றைக்கு ஐந்து வாங்கிய எத்தனையோ நாவல்களில் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட ஞாபகத்தில் நிற்பதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மனதில் நின்ற ஓர் இடம். நிறுத்தியிருந்தால், நிறுத்திய இடம். அப்புறம், இந்தக் கூட்டத்தில் யார் இதைப் படிக்க வேண்டும் என்று ஆள் பெயர். மூன்றாவதுதான் முக்கியம். "இது உங்களுக்கானது" என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல வேண்டுமென்றால் புத்தகத்தோடு அந்த மனிதரையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேநீர் நேரத்தில் பேசித் தெரிந்துகொள்ளலாம்.

அண்மையில் நான் முடித்தது, க.நா.சு. மொழிபெயர்ப்பில் 'அன்பு வழி'. ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் எழுதிய 'பாரபாஸ்' நாவல்தான் அது. 1950இல் வந்தது, அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிறிஸ்துவுக்குப் பதிலாக விடுதலையான கொள்ளைக்காரன் பாரபாஸ் அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தான் என்பது கதை. சைப்ரஸ் தீவின் செம்புச் சுரங்கத்தில் அவனும் சஹாக் என்ற அடிமையும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். அடிமைகளின் கழுத்தில் ரோமானிய அரசின் முத்திரை பதித்த தகடு தொங்கும். சஹாக் தன் தகட்டின் பின்புறம் கிறிஸ்துவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். அவனைப் பார்த்து பாரபாஸும் பொறித்துக்கொள்கிறான். பின்னால் ஆளுநர் இருவரையும் விசாரிக்கும்போது சஹாக் தன் நம்பிக்கையை ஒப்புக்கொள்கிறான். பாரபாஸ், எனக்குத் தெய்வம் கிடையாது என்கிறான். பிறகு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டால், தலையை நிமிர்த்தாமல், நம்ப ஆசைப்படுவதால் என்கிறான். ஆளுநர் கத்தியால் அந்தப் பெயரின் மேல் கோடு கிழிக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான நாவல் என்று நினைக்க வேண்டாம். கோயிலுக்குப் போய் எல்லோரும் கும்பிடும்போது தனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லையே என்று வருந்துகிறவர் உங்கள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்குக் கொடுங்கள். விறுவிறுப்பு வேண்டும் என்கிறவருக்கு இப்போது வேண்டாம். சிறிய புத்தகம், இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். பாதியில் நிறுத்துகிறவர் இருந்தால், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.