அர்னிஸ் பழகணுமா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அர்னிஸ், எஸ்க்ரிமா, காலி எல்லாம் வேற வேற கலையா அண்ணா?

பதில்: மூன்றும் பிலிப்பைன்ஸின் கம்புச் சண்டைக் கலைதான், ஒரே குடும்பம் தம்பி. அங்கே செபு தீவுப் பக்கம் எஸ்க்ரிமா என்பார்கள், காலி என்ற பெயர் அமெரிக்காவில் அதிகம் புழங்குகிறது. பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாக 2009-இல் சட்டம் போட்டு அறிவித்தபோது வைத்த பெயர் அர்னிஸ்.

கேள்வி: கம்புக்கு மூங்கில் போதுமா?

பதில்: வேண்டாம். மூங்கில் பிளந்தால் சிலாம்பு கண்ணில் பாயும். பிரம்பு வாங்குங்கள், சுமார் 28 அங்குலம். உள்ளே கெட்டியாக இருப்பதால் அடிபட அடிபட நார்நாராகத்தான் பிரியும். கமகோங் மரக் கம்பும் உண்டு; அது கருங்காலி இனம், நல்ல கனம். தனியாகச் சுழற்றிப் பழகலாம்; எதிரே ஆளை நிறுத்திக்கொண்டு வீசக் கூடாது.

கேள்வி: வீடியோவில் கம்பும் கம்பும்தான் மோதுது. நிஜச் சண்டையும் அப்படியா?

பதில்: அது சினவாலி. ஆளுக்கு இரண்டு கம்பு, பார்த்தால் கோலாட்டம் மாதிரி இருக்கும். கைக்கும் கண்ணுக்குமான பயிற்சி, அவ்வளவே. பழைய ஆட்கள் குறிவைத்தது கம்பு பிடித்த கையை. விரல்முட்டியில் ஒன்று விழுந்தால் கம்பு தானாக நழுவும். ‘பாம்பின் பல்லைப் பிடுங்குவது’ என்பார்கள். கை வீங்கினால் மறுநாள் வகுப்புக்கு யார் வருவார்? அதனால் நவீன அர்னிஸை உருவாக்கிய ரெமி பிரேசாஸ், பயிற்சியில் கைக்குப் பதில் கம்பை அடிக்க வைத்தார். நல்ல மாற்றம்தான். ஆனால் அதிலேயே ஊறியவர்களுக்குத் தூரக் கணக்கு தப்பிவிடுகிறது. எதிராளியின் கம்பில் படும் தூரத்தில் நின்றுகொண்டு, அவர் கையில் படாமல் வீசுகிறார்கள்.

ஒற்றைக் கம்பு வீடியோ பார்த்தால் இடது கையையும் கவனியுங்கள். செபுவில் 1950-களில் ஆன்சியோங் பேக்கன் தொடங்கிய பாலின்டவாக் முறையில் ஒற்றைக் கம்புதான். நெருங்கி நின்று, எதிராளியின் மணிக்கட்டை இடது கையால் தட்டி, அமுக்கி, விலக்கி அடிப்பார்கள். பாதி வித்தை அந்த வெறுங்கையில்தான்.

கேள்வி: கடலோடி மெகல்லனைக் கொன்றதே இந்தக் கலைதானாமே?

பதில்: 1521 ஏப்ரல் 27, செபுவை ஒட்டிய மக்தான் தீவின் கரை. மெகல்லன் கூட இருந்து பயணத்தைக் குறித்துவைத்த பிகஃபெட்டா எழுதியதில் அம்பு, மூங்கில் ஈட்டி, வாள் எல்லாம் வருகின்றன. மக்தான் தலைவர் லாபுலாபு பக்கம் 1,500 பேர், மெகல்லன் பக்கம் கரையிறங்கியவர்கள் 49 பேர் என்கிறார். இதில் கம்பு வித்தைக்கு என்ன வேலை?

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயசு. சேர்க்கலாமா சார்?

பதில்: தாராளமாக. பஞ்சு சுற்றிய கம்பும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாமலே பிள்ளைகளை மோதவிடுகிறார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.