தொட்டிக்கு முன், செடி பிறந்த நிலத்தைப் பாருங்கள்

கேள்வி: வீனஸ் பூச்சிப்பொறி, கேப் பனித்துளிச் செடி, நெப்பந்தஸ் குடுவைச் செடி ஆகிய மூன்று பூச்சியுண்ணும் செடிகளையும் ஒரே தட்டில், அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வைத்திருக்கிறேன். பனித்துளிச் செடி மட்டுமே செழிப்பாக இருக்கிறது. பூச்சிப்பொறி இரண்டாம் ஆண்டில் மெலிந்துவிட்டது. நெப்பந்தஸ் குடுவையே விடவில்லை. உரம் போடலாமா?

பதில்: தயவுசெய்து உரம் போட்டுவிடாதீர்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அரிதான மண்ணில் பிழைப்பதற்காகவே பூச்சி பிடிக்கப் பழகிய செடிகள் இவை. வேரில் உப்புச் சேர்ந்தால் தாங்காது. மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டும் ஊற்றுங்கள்.

உங்கள் தட்டில் இருப்பவை மூன்று வெவ்வேறு நிலங்களின் பிள்ளைகள். பூச்சிப்பொறி அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், பைன் மரங்களுக்கிடையே உள்ள ஈரமான திறந்தவெளிகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அங்கே குளிர்காலம் உண்டு என்பதால், ஆண்டுதோறும் மூன்று, நான்கு மாதக் குளிர்ந்த ஓய்வு கிடைக்காவிட்டால் அது படிப்படியாக வலுவிழக்கும். ஓய்வின்போது இலைகள் கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும். செத்துவிட்டதென்று பலர் அப்போதுதான் தூக்கி எறிந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நெப்பந்தஸ் தென்கிழக்காசியக் காடுகளில் பெரும்பாலும் கொடியாகப் படரும் இனம். அதன் வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நின்ற நீரில் அழுகும். இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனையை உற்றுப் பாருங்கள்: குடுவையாக வேண்டிய சிறு மொட்டு பழுப்பேறி நூலாகச் சுருங்கியிருந்தால், காற்றில் ஈரப்பதமோ வெளிச்சமோ போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜா போன்ற மலை இனங்களுக்கு, இவற்றோடு இரவுக் குளிர்ச்சியும் கட்டாயம்.

தென்னாப்பிரிக்காவின் ஈரநிலங்களிலிருந்து வந்த கேப் பனித்துளிச் செடிக்கு உங்கள் தட்டு அப்படியே பொருந்திவிட்டது. அதற்காக எல்லாப் பனித்துளிச் செடிகளையும் தண்ணீரில் நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கிழங்குவகைப் பனித்துளிச் செடிகள் கோடையில் மேலே காய்ந்து, வறண்ட மண்ணுக்குள் கிழங்காக உறங்குபவை.

கேள்வி: என் மகன் பூச்சிப்பொறியை விரலால் தொட்டுத் தொட்டு மூடவைக்கிறான். இறைச்சித் துண்டும் போட்டுப் பார்த்தோம், அழுகிப்போயிற்று. ஏன்?

பதில்: பொறியின் உட்புறத்தில் உள்ள மெல்லிய உணர்முடிகள் ஏறத்தாழ 20 விநாடிக்குள் இருமுறை தொடப்பட்டால்தான் அது மூடும். மூடிய பிறகும் உள்ளே இரை துடித்து அம்முடிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான், விளிம்புகள் இறுகிச் செரிமான நீர் நிறைவாகச் சுரக்கும். அசையாத இறைச்சி அழுகியது அதனால்தான். வெறுமனே மூடிய பொறி ஓரிரு நாளில் திறந்துவிடும். ஆனால் ஒவ்வொரு இலையும் சில தடவைகளே மூடித் திறக்கக்கூடியது. மகனிடம் ஓர் உருப்பெருக்கியைக் கொடுத்துப் பனித்துளிச் செடியின் பக்கம் அனுப்புங்கள். ஒட்டிக்கொண்ட கொசுவை நோக்கிச் சிவந்த உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக வளைவதையும், சில மணி நேரத்தில் இலையே அதன்மேல் மடிவதையும் செடியைத் தொடாமலேயே அவன் பார்க்கலாம்.