வீடியோ சுருக்குறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, உங்க வொய்ஸ் மெசேஜ ரெண்டு தரம் போட்டுக் கேட்டேன். புள்ள ஏ எல் (உயர்தரம்) மெத்ஸ் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கு, இஞ்சினியரிங் கெடச்சா வீடியோ கம்ப்ரெஷன்ல குவான்டைசேஷன் ரிசர்ச் பண்ணப் போறேன்னு நிக்கிது, அது என்னா வேலைன்னே வெளங்கல, பேசாம டீச்சிங்குக்கு அனுப்பிரவான்னு கேட்டீங்க.

வேலை என்னான்னு உங்களுக்கு நல்லாவே வெளங்கும். தேயிலக் கொழுந்து நிறுக்கையில 17 கிலோ 600 கிராம் இருந்தா 17ன்னு எழுதிர்றாங்கல்ல? எங்கம்மாவும் அப்படித்தான் குடுத்துட்டு லயத்து வீடு வரைக்கும் மொனகிக்கிட்டே வருவாங்க. வீடியோலயும் அதே கததான், படத்த சின்னச்சின்ன கட்டமா வெட்டி, அத நம்பரா மாத்தி, நம்பர்ல உள்ள சில்லறைய வெட்டி விட்டுர்றது, அந்த வெட்டுக்குத்தான் குவான்டைசேஷன்னு பேரு, ரொம்ப சின்ன நம்பரெல்லாம் சைபராயிரும், ஃபைல் சுருங்கிரும். எந்த சில்லறைய விட்டா மனுசன் கண்ணுக்குத் தெரியாதுன்னு கண்டுபுடிச்சு கணக்கு போடணும் பாருங்க, புள்ள செய்ய ஆசப்படுறது அதத்தான்.

2003ல வந்த எச்.264ங்கிற வீடியோ சுருக்குற முறைல இதுக்கு 0லருந்து 51 வரைக்கும் க்யூபின்னு ஒரு நம்பர் இருக்கு, 6 கூட்டுனா வெட்டுற அளவு டபுளாகும். 2020ல வந்த வீவீசீங்கிற முறை இன்னும் கெட்டிக்காரத்தனம், ரெண்டு அளவுகோல் வச்சுக்கிட்டு, முன்னுக்கு வந்த நம்பருங்க ஒத்தையா ரெட்டையான்னு பாத்து அடுத்ததுக்கு எதுன்னு முடிவெடுக்கும்.

ஆனா மறைக்காம சொல்றேன், இலங்கைல இதுக்குன்னே ஆள் எடுக்கிற எடம் கொறவு. முழுசா இதுலயே நிக்கணும்னா மாஸ்டர்ஸ், பிஎச்டின்னு வெளிநாடு போக வேண்டி வரும், இங்கிலீசும் நல்லா வேணும். போகலன்னாலும் படிச்சது வீணில்ல, சிக்னல் ப்ராசஸிங்கும் சீ பிளஸ் பிளஸ்சும் கையில இருந்தா கொழும்புல டெலிகொம், சொஃப்ட்வெயார்னு வேற கதவு இருக்கு. பேராதனை, மொறட்டுவை ரெண்டு கெம்பஸும் போடுங்க, மொறட்டுவைல இலத்திரனியல் தொலைத்தொடர்பு பிரிவு இதுக்கு ரொம்ப நெருக்கம். கெம்பஸுக்கு எடுக்கிற வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேற, அதனால கொழும்பு புள்ளைங்க இசட் ஸ்கோரப் (ஏ எல் மார்க்க வச்சுப் போடுற புள்ளி) பாத்து பயப்படாதீங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு வேலை குடுங்க. விடியக்காலைல மலைல பனிமூட்டம் எறங்குறத ஃபோன்ல அர நிமிசம் எடுத்து, எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ சுருக்குற சொஃப்ட்வெயார் சும்மாவே கெடைக்கிது, அதுல க்யூபி 22, 27, 32, 37ன்னு நாலு தரம் சுருக்கிப் பாக்கச் சொல்லுங்க. தேயிலச் செடி ஓரளவுக்குத் தாங்கும், பனிதான் பட்டை பட்டையா, கட்டம் கட்டமா ஒடைஞ்சு காட்டிக் குடுக்கும். அது ஏன்னு புள்ள ராத்திரி தூங்காம தேடுச்சுன்னா தடுக்காதீங்க அக்கா. நாலாவது ஃபைல்லயே அலுத்துப் போச்சுன்னா அதையும் எனக்கு சொல்லுங்க, வேற பேசுவோம்.

டீச்சருக்குப் படிப்பிக்கிற கல்வியியற் கல்லூரிக்கு ஆள் எடுக்க வர்த்தமானி வந்தா அதுக்கும் ஒரு எப்ளிகேஷன் போட்டு வைங்க, புள்ள கோவிச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.