நடுவுல வெறும் காத்து இருக்கற கண்ணாடி இழை ஃபைபர்ல வெளிச்சம் எப்படி வெளிய கசியாம போகுது?

லாஸ்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, முழு அக எதிரொளிப்பு (ஒளி ஓரத்துல பட்டு முழுசா உள்ளயே திரும்பறது) நடக்கணும்னா நடுப்பகுதியோட ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு மெதுவாக்குதுங்கற அளவு) சுத்தி இருக்கறதை விட அதிகமா இருக்கணுமே, ஓட்டைக்குள்ள எப்படி நடக்கும்னு. நடக்காதுங்க, அது இங்க வேலையே இல்ல.

சோப்பு குமிழில கலர் கலரா தெரியும்ல, அந்த சவ்வோட தடிமனைப் பொறுத்து சில நிறம் நல்லா திரும்பி வரும், சிலது கடந்து போயிடும். அதே மாதிரி ஓட்டையைச் சுத்தி ரொம்ப மெல்லிசான கண்ணாடிக் குழாய்ங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிருப்பாங்க, நமக்கு வேண்டிய அலைநீளம் அந்த சுவரைத் தாண்ட முடியாம உள்ளயே திரும்பிடும். 1999ல இங்கிலாந்து பாத் பல்கலைக்கழகத்துல பண்ண காத்து ஃபைபர் வேற டிசைன், பொடிப்பொடி துளைங்க அடுக்கினது.

லாபம் என்னன்னா, கண்ணாடில ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிமீ தான், காத்துல கிட்டத்தட்ட 3 லட்சம். போற வழில வெளிச்சம் குறையற இழப்புதான் ரொம்ப நாளா தலைவலி. 2025ல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் கிமீக்கு 0.091 டெசிபல் (வெளிச்சம் குறையற அளவு, 3 டெசிபல் போனா பாதி) வரை கொண்டுவந்துட்டாங்க. சாதாரண ஃபைபர் 0.2ன்னு வச்சா பாண்டில விட்ட வெளிச்சம் கடலூர் போறதுக்குள்ளயே பாதியாயிடும், இதுல 33 கிமீ தாங்கும்!

ஆனா ரெண்டு ஃபைபரை ஒட்டு போடுறது கஷ்டம், ஓட்டைக்குள்ள ஈரம் ஏறிடக் கூடாது. நம்ம கடலோர மண்ணுல அத நல்லா சீல் பண்ணித்தான் பொதைக்கணும்.