கண்ணிவெடி அபாயம் பற்றிச் சொல்லிக்கொடுக்க வெளிநாடுகள் தரும் பணம் வீண்தானே? அந்தக் காசில் வெடியையே அகற்றலாமே?

வீண் இல்லை. ஆனால் பாதி வழியில் நின்றுபோகிற பணம் என்பேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. பாராகுவாட் என்கிற களைக்கொல்லி டின்னில் மண்டையோடு போட்டிருக்கும். விஷம் என்று லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாயைத் துணியால் கட்டிக்கொள்ளும்படி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் சொல்வார். அந்த வெயிலில் கட்டினால் மூச்சு விடமுடியாது, அவிழ்த்துவிடுவார்கள். (அந்த மருந்தை மலேசியா தடை செய்தது 2020 ஜனவரியில்தான்.)

2018-ல் மனைவியின் உறவுக்காரர்களைப் பார்க்கக் கிளிநொச்சி போனோம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலையில், முகமாலையில், அதே மண்டையோடு சிவப்புப் பலகையில். போர் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் அங்கே வெடி எடுக்கும் வேலை முடியவில்லை. வெடி எடுப்பது அங்குலம் அங்குலமாக நடக்கிற வேலை. அது முடியும்வரை அந்த மண்ணில்தானே சனம் விறகு பொறுக்கி, மாடு மேய்த்துப் பிழைக்கவேண்டும்? அந்த இடைக்காலத்துக்குத்தான் இந்தக் கல்வி. கண்ணிவெடியைத் தடை செய்ய 1997-ல் கையெழுத்தான ஓட்டாவா ஒப்பந்தமும், வசதியுள்ள நாடுகள் வெடி அகற்ற மட்டுமல்ல, விழிப்புணர்வுக்கும் உதவவேண்டும் என்கிறது. இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இரண்டும் தனித்தனிப் பெட்டியும் இல்லை. கொடுக்கிற நாடுகள் பல, அகற்றும் செலவையும் சொல்லிக்கொடுக்கும் செலவையும் ஒரே வரியில் எழுதிவிடும். அதில் பெரும்பங்கை விழுங்குவது அகற்றும் வேலை.

எனக்குள்ள குறை வேறு. மனைவியின் சித்தப்பா சொன்னார்: “பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்திலயே படம் காட்டிச் சொல்லிக் குடுத்திட்டினம். அதுகள் போகாதுகள். போறது பெரியாக்கள்தான் தம்பி, பழைய இரும்புக்கு.” எங்கள் லயத்துக் கதைதான். எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று எண்ணி அறிக்கை அனுப்பலாம். தெரிந்தே உள்ளே போகிறவனை அந்தக் கணக்கு பிடிக்காது. அவனுக்கு வேறு கூலி வேண்டும். அவனிடம் இரும்பு வாங்குகிற கடைக்காரனிடமும் பேசவேண்டும்.

இன்னொன்று, வருஷத்துக்கு வருஷம் கையேந்தும் நிலை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியபோது கண்ணிவெடி வேலைக்கான காசும் அதோடு நின்றது. வெடிக்கு அந்தத் தவணையெல்லாம் தெரியாது.

மருந்தடிக்கிற பம்ப்பை அம்மா இறக்கிவைத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செம்பனை உதிரிப்பழம் பொறுக்க ஆள் வேண்டும், சம்பளம் அதேதான் என்று மண்டோர் லயத்துக்கு வந்து சொன்ன நாள்.