அணு ஆயுதத்தைச் சர்வதேசச் சட்டம் தடை செய்திருக்கிறதா?

முழுமையாக இல்லை. அடிப்படை, 1970இல் அமுலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967க்கு முன்பே வெடித்துச் சோதித்த ஐந்து நாடுகள் ஆயுதக் களைவுக்குப் பேச வேண்டும். அதில் சேர்ந்த மற்ற நாடுகள் தயாரிக்கவே கூடாது. வைத்திருப்பவர்கள் கூடினால் ஆபத்தும் கூடும் என்பதே காரணம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்து வீட்டில் பெற்றோல் கான்கள் இருக்க, "இனி யாரும் சேர்க்காதீர்கள், நாங்களும் மெல்ல அகற்றுகிறோம்" என்பது மாதிரி. அந்த அகற்றல் இன்னும் முடியவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

1996இல் சர்வதேச நீதிமன்றம், பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு முரண், ஆனால் நாடே அழியும் நிலைத் தற்காப்பில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. எந்த நிலையிலும் சட்டவிரோதமே என்று மாறுபட்டு எழுதியவர்களில் ஒருவர், கொழும்பில் பிறந்த நீதிபதி வீரமந்திரி.

2021இல் அமுலான, அணு ஆயுதத்தையே முழுதாகத் தடை செய்யும் வேறொரு ஒப்பந்தம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள்; சேர்ந்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், அணு ஆயுத நாடு எதுவும் அதில் இல்லை.