வால்பாறை, ஏற்காடு போன்ற மலை ஊர்களில் உள்ள தங்கும் விடுதிகளைச் சூரிய உதயத்தில் அழகாகப் படம் எடுப்பது எப்படி? விடுதி நடத்துபவருக்கும் தங்க வருபவருக்கும் என்ன சொல்வீர்கள்?

கல்யாணப் படம் எடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. பொள்ளாச்சியில் கடை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மேலே வால்பாறையிலிருந்து கூப்பிடுவார்கள். அப்படியே ஏற்காடு, கொல்லிமலை, ஆசனூர் என்று விடுதிகளைப் படமெடுக்கும் வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை வைத்துச் சொல்கிறேன்.

சூரிய உதயப் படம் வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் மனதில் இருப்பது சூரியன் தெரிகிற படம். விடுதிக்கு அது அவ்வளவாக உதவாது. வீட்டுக்குப் பின்னால் சூரியனை நிறுத்தினால் வீடு கறுப்பாகிவிடும், வானம் வெளுத்துவிடும். வீட்டைப் படமெடுக்க இரண்டு நேரம் இருக்கிறது. சூரியன் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம் ஒன்று. வெயில் முதலில் வீட்டின் மேல் விழும் கால் மணி நேரம் இன்னொன்று. நடுவில் சூரியன் எட்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களை விருந்தாளிகளின் செல்ஃபிக்கு விட்டுவிடுங்கள்.

முதலில், வெயில் எப்போது எங்கே விழும் என்று தெரிய வேண்டும். தினசரி காலண்டரில் இருக்கும் உதய நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். அது சென்னைக் கணக்கு என்றால், கோவைப் பக்கம் பத்து நிமிடமோ அதற்கு மேலோ தாமதம். நாம் அவ்வளவு மேற்கே இருக்கிறோம். கோவையில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 6 மணியை ஒட்டி உதிக்கும் சூரியன், ஜனவரிக் கடைசியில் 6.45 ஆனால்தான் தலைகாட்டும். அதுவும் சமவெளிக்குத்தான். மலையில் எதிரே இன்னொரு மலை நிற்குமே, அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி உயரம் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, நம் ஊரில் அதிகம் சாயாமல் கிட்டத்தட்ட நேராகவே மேலே ஏறும். ஆகவே கிழக்கே இருக்கும் மலை ஒரு முஷ்டி உயரம் என்றால் வாசலில் வெயில் விழ இன்னும் 40 நிமிடம் ஆகும். வால்பாறையில் பள்ளத்தில் கட்டிய பங்களாக்களில் ஜனவரியில் ஏழரை மணிக்குக்கூட முற்றம் நிழலாகவே இருப்பது இதனால்தான்.

திசையும் மாறிக்கொண்டே இருக்கும். மார்கழியில் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும் சூரியன், ஆனியில் அதே அளவு வடக்கே போயிருக்கும். முஷ்டிக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி அகலம். தென்கிழக்கு பார்த்த வீட்டின் முகப்பில் டிசம்பரில் நேராக விழும் வெயில் ஜூனில் பெரும்பாலும் பக்கச் சுவரைத்தான் தொடும். விடுதிக்காரர் போட்டோகிராபரைக் கூப்பிடும் முன் "எந்த மாதம் என் வீட்டு முகப்பில் காலை வெயில் விழுகிறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அங்கேயே குடியிருப்பவர்களுக்குப் பதில் தெரியும். துணி காயப்போடும் அம்மாவைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்.

இடத்துக்கு இடம் வித்தியாசமும் உண்டு. ஏற்காட்டில் மலையின் கிழக்கு விளிம்பில், பகோடா பாயிண்ட் பக்கம் இருக்கும் விடுதிகளுக்குக் காலை வெளிச்சம் முதலில் கிடைக்கும். சேலத்தைப் பார்த்த லேடீஸ் சீட் பக்கத்து விடுதிகளுக்கு இரவில் கீழே ஊர் விளக்குகள் எரிகிற காட்சிதான் சொத்து. அங்கே நான் விடியலுக்கு ரொம்ப முன்னால், விளக்குகள் அணைவதற்குள் எடுத்துவிடுவேன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனை வடக்கே அணையையும் சமவெளியையும் பார்க்கிறது. காலை வெயில் அங்கே பக்கவாட்டில் வரும், மலை மடிப்புகள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கொல்லிமலைக்கு 70 வளைவு. விடியலுக்குச் சரியாக மேலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கீழேயிருந்து இருட்டில் கிளம்புவது வீண் ஆபத்து. ஆசனூர் என்றால் அந்த யோசனையே நடக்காது. அந்த வழியில் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, காலை 6 மணிக்குத்தான் வண்டியை விடுவார்கள். நீங்கள் திம்பம் வளைவுகள் 27-ஐயும் ஏறி முடிக்கும்போது விடியலின் முதல் வெளிச்சம் போயிருக்கும். முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள்.

அந்த மாலையில்தான் உண்மையான வேலை. நிற்க வேண்டிய இடத்தை வெளிச்சத்திலேயே பார்த்து ட்ரைபாட் கால்களுக்கு மூன்று கல் வைத்துவிட்டு வருவேன். கொடியில் தொங்கும் துண்டு, முற்றத்தில் நிற்கும் கார், படிக்கட்டில் கிடக்கும் செருப்பு எல்லாம் அப்போதே நகர வேண்டும். விருந்தாளிகளைக் காலை ஐந்தரைக்கு எழுப்பி வண்டியை நகர்த்தச் சொன்னால் அப்புறம் அந்த விடுதிக்கு நல்ல விமர்சனம் கிடைக்காது.

விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. சூரியன் உதிக்க 20 நிமிடம் இருக்கும்போது வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் வழியே தெரியும் பல்பு வெளிச்சமும் ஒரே அளவுக்கு வரும். அதற்கு முன்னால் எடுத்தால் ஜன்னல் மட்டும் எரியும், வீட்டின் உருவம் தெரியாது. பிந்தி எடுத்தால் விளக்கு போட்டதே தெரியாது. நம் பகுதியில் விடியல் வேகமாக நடந்துவிடுவதால் அந்தச் சமநிலை பத்து நிமிடம் நீடித்தால் அதிகம். அதனால் எல்லா அறை விளக்குகளையும் முன்கூட்டியே போட்டுவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். விளக்கு மஞ்சளாக இருக்கட்டும், 2700 கெல்வின் என்று டப்பாவில் போட்டிருக்கும். வெள்ளை எல்இடி ட்யூப் எரியும் அறை, நீல வானத்தின் கீழே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி தெரியும். நடத்துபவர்கள் முன்பக்க அறைகளில் மட்டுமாவது பல்பை மாற்றிவிடுங்கள், செலவு சில நூறு ரூபாய். அறையில் ஆள் தூங்குகிறார் என்றால் அந்த ஜன்னலை விட்டுவிட வேண்டியதுதான். படத்துக்காக யாரையும் எழுப்புகிற உரிமை நமக்கு இல்லை.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒரு விநாடியிலிருந்து நாலு விநாடி வரை போகும், இரண்டு விநாடி டைமர். ஒரே சட்டகத்தில் சரியான அளவு, இரண்டு ஸ்டாப் குறைவு, இரண்டு ஸ்டாப் கூடுதல் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள், வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும். கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நெஞ்சுயரத்தில் மட்டமாக வையுங்கள். மேலே சாய்த்தால் தூண்கள் உள்பக்கமும், கீழே சாய்த்தால் வெளிப்பக்கமும் விழுவது போலத் தெரியும். லென்ஸ் 24 மில்லிமீட்டர் போதும். பதினாலு, பதினாறு என்று போய்ச் சின்ன அறையை மண்டபமாகக் காட்டினால் வருகிறவர் பையை வைக்க இடம் தேடும்போது நம்மைத்தான் திட்டுவார். பனி இறங்கும் நேரத்தில் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும், ஒரு மெல்லிய துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

மூடுபனி வந்தால் கேமரா ஏமாறும். எல்லாம் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக எடுக்கும், பனி அழுக்குச் சாம்பல் நிறமாக வரும். அரையிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஃபோகஸ் நிற்காமல் அலையும். ஜன்னல் சட்டத்திலோ ஓட்டு விளிம்பிலோ கொண்டுபோய் நிறுத்துங்கள். பள்ளத்தாக்கு நிறையப் பனி, மேலே தெளிந்த வானம் என்கிற அந்தக் காட்சி டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்று இல்லாத குளிர்ந்த இரவுக்குப் பிறகுதான் நன்றாக அமையும். மார்ச்சுக்குப் பிறகு சமவெளிப் பக்கம் புழுதி மங்கல்தான். ஆனால் கோடை மழை பெய்த மறுநாள் விடியலைத் தவறவிடாதீர்கள், தூரத்து மலைகள்கூடத் துடைத்து வைத்தது போலத் தெரியும். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை வேறு உலகம். அப்போது உதயமே கிடையாது, வெள்ளை மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான். சாக்ஸில் உப்போ புகையிலையோ தேய்க்காமல் புல்லில் ட்ரைபாட் விரித்தால் அட்டை ஏறிவிடும்.

வெயில் விழுந்த பிறகு எடுக்கும் படம் வேறு வகை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கத் தேயிலைத் தோட்டத்தை எடுத்தால் பச்சை ஒரே தட்டையாக வரும். பக்கத்திலிருந்தோ எதிரிலிருந்தோ வெயில் வரும்படி நின்றால் செடிகளுக்கு இடையிலான வரப்புகள் எல்லாம் கோடு கோடாக எழும். வெந்நீர் போடும் விறகு பாய்லர் இருக்கும் விடுதியில் அதை அந்த நேரத்துக்கு மூட்டச் சொல்வேன். புகைக்குள் வெயில் கீற்று இறங்குவதற்கு ஈடாக எந்த ஃபில்டரும் இல்லை. ஏற்காட்டில் காபி பூக்கும் சமயம், பெரும்பாலும் கோடை மழைக்குப் பின் மார்ச் ஏப்ரலில், வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கும். அது மூன்று நான்கு நாள்தான், விடுதிக்காரர் போன் செய்தால்தான் நமக்குத் தெரியும்.

தங்க வருபவர்களுக்குச் சொல்வது சுருக்கம். கைபேசி போதும். திரையில் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக் கொஞ்சம் கீழே இழுங்கள், ஆரஞ்சு நிறம் தங்கும். அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழிக் காட்சி வேண்டுமென்றால் சூரியன் வருமுன் அறை விளக்கைப் போட்டு எடுங்கள். வந்தபின் எடுத்தால் ஒன்று கட்டில் தெரியும், இல்லை மலை தெரியும், இரண்டும் சேர்ந்து வராது. ஆட்களைச் சூரியனைப் பார்க்கச் சொல்லாதீர்கள், கண்ணைச் சுருக்குவார்கள். பக்கவாட்டில் திரும்பி டீ குடிக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம்.

இருட்டில் தனியாக வெளியே இறங்க வேண்டாம் என்பதை இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். வால்பாறையில் யானை, காட்டுமாடு, சிறுத்தை, கரடி நான்கும் தோட்டத்துக்குள் நடமாடும். சில இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பக்கத்தில் யானை இருந்தால் அது எரியும், ஊர்க்காரர்கள் கைபேசிக்குச் செய்தியும் வரும். விளக்கு எரிந்தால் அன்றைக்குப் படம் வராந்தாவிலிருந்துதான். விடுதிக்காரர்கள் இதை விருந்தாளியிடம் முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும், சொன்னால் அறை விற்காது என்று மறைக்கக் கூடாது.

மறைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டேஜில் டிசம்பரில் எடுத்த பனிப் பள்ளத்தாக்குப் படம்தான் விளம்பரத்தின் முகப்பில் இருந்தது. ஜூலையில் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் அதைப் பார்த்துப் பதிவு செய்து வந்து மூன்று நாள் மேகத்துக்குள்ளேயே இருந்தார்கள். கடைசி நாள் அந்த அக்கா கேட்டார்: "ஏனுங்க, படத்துல மலை இருந்துச்சே, எங்கீங்க?" காட்டேஜ்காரர் கையை நீட்டி, "அதா, அங்கதானுங்க இருக்குது. மேகம் போனாத் தெரியுமுங்க" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதிலிருந்து நான் எடுத்துக் கொடுக்கும் எல்லாப் படங்களுக்கும் கீழே மாதத்தைப் போடச் சொல்கிறேன். வானத்தை மாற்றி ஒட்டித் தரச் சொன்னால் மாட்டேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அழிக்கச் சொன்னாலும் மாட்டேன். ரெண்டடி தள்ளி நின்று அதை மரத்துக்குப் பின்னால் மறைப்பது வேறு விஷயம். மழைக்காலத்தில் ஒரு காலையும் தனியாக எடுங்கள். ஈர ஓடு, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், சுற்றிலும் மேகம் என்று வரும் அந்தப் படத்தைப் பார்த்தே ஜூலையில் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சண்டை போடுவதில்லை.

அனுமதி விஷயங்கள். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், உள்ளே இறங்க எஸ்டேட் அலுவலகத்தில் கேட்க வேண்டும். காலையில் இலை பறிக்கப் போகிறவர்களைக் கேட்காமல் எடுத்து விடுதி விளம்பரத்தில் போடுவது அநியாயம். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், படத்தை அனுப்பி வையுங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், ஆசனூரைச் சுற்றி சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், வழக்கும் வரும்.

சம்பளம் பேசும்போது விடுதிக்காரர்கள் ஒரு காலைக்கு என்று பேசாதீர்கள், இரண்டு காலைக்குப் பேசுங்கள். முதல் காலை மேகம் மூடினால் கையில் ஒன்று மிச்சமிருக்கும். தங்க இடமும் சாப்பாடும் உங்களுடையது என்பதால் போட்டோகிராபரும் தொகையைக் குறைத்துக்கொள்வார். நான் குறைத்துக்கொள்வேன்.